எபிசோடோ குடும்பப் படமோ, பிடிக்கலைன்னா எந்த நிமிஷத்துலன்னு சொல்லுங்க

எழுத்தாணி (இழையைத் தொடங்கியவர்)

“இந்த எபிசோட் மொக்கை.” “குடும்பத்தோடு ஒரு தடவை பார்க்கலாம்.” தொடர்கள், படங்கள் பற்றி வருகிற கருத்துகளில் பாதி இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுகிறது. படிக்கிறவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. இந்த இழைக்கு ஒரே ஒரு விதி வைக்கிறேன்: பிடித்ததோ பிடிக்கவில்லையோ, எந்த நிமிடத்தில் என்று சொல்லுங்கள்.

அரை மணி நேர நகைச்சுவைத் தொடரை எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தைக் கழித்தால் ஓடுவது 21, 22 நிமிடம். முதலில் தலைப்புக்கு முந்தைய காட்சி ஒன்றிரண்டு நிமிடம். அப்புறம் முதன்மைக் கதை, அதன் பக்கத்திலேயே ஒரு கிளைக்கதை, சிலவற்றில் மூன்றாவதாக ஒரு சின்ன ஓட்டம். கடைசியில் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஒரு வால் காட்சி. இந்த எலும்புக்கூட்டை மனதில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தால், எந்த இடத்தில் தொய்வு என்று கையை வைத்துக் காட்டிவிடலாம். முதன்மைக் கதையின் சிக்கல் ஐந்தாறு நிமிடத்துக்குள் விழவில்லை என்றால், பின்பாதி எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் அவசரமாக முடிந்ததுபோலத்தான் படும். “முடிவு சப்பென்று இருந்தது” என்பவர்களில் பலர் குறை சொல்ல வேண்டியது முன்பாதியை.

கிளைக்கதையைத் தனியாகக் கவனியுங்கள். அதற்கு மொத்தமே ஐந்து, ஆறு நிமிடம்தான் கிடைக்கும். மூன்று நான்கு காட்சிகள். முதல் காட்சியில் ஒருவருக்கு ஒரு ஆசை, இரண்டாவதில் அது கைமீறிப் போகிறது, மூன்றாவதில் முதன்மைக் கதையோடு வந்து முட்டுகிறது. முட்டாமலே முடிந்தால் அது வெறும் நேரம் நிரப்பல். ஒரு எபிசோட் நன்றாக இருந்ததா என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது இந்த முட்டலைத்தான்.

குடும்பப் படத்துக்கு வேறு கணக்கு. 80 முதல் 100 நிமிடம். குழந்தைக் கதாபாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பது பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் தெளிவாக வேண்டும். கடைசிச் சிக்கலை அந்தக் குழந்தையின் முடிவே தீர்க்க வேண்டும். பெரியவர் ஒருவர் திடீரென்று வந்து காப்பாற்றினால், அதுவரை பார்த்த ஒன்றரை மணி நேரமும் வீண். இது என் திடமான கருத்து. மறுப்பவர்கள் உதாரணத்தோடு வாருங்கள்.

நடுப்பெஞ்சு

உங்க விதி துப்பறியும் கதைக்கும் காமெடிக்கும் சரி. எல்லாத்துக்கும் பொருந்தாது.

‘மை நெய்பர் டோட்டோரோ’ங்கிற ஜப்பானிய அனிமேஷன் படத்தை எடுத்துக்கோங்க. 1988, ஓடுற நேரம் 86 நிமிஷம். வில்லன் கிடையாது. குழந்தைங்களுக்கு “இதைச் சாதிக்கணும்”னு ஒரு குறிக்கோளும் கிடையாது. புது வீட்டுக்கு வராங்க, சுத்திப் பாக்குறாங்க, தூசு தட்டுறாங்க. தலைப்புல இருக்குற அந்தப் பெரிய உருவம் சின்னப் பொண்ணு கண்ணுல படவே ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகுது. உங்க பன்னிரண்டாவது நிமிஷக் கணக்குல அது ஃபெயில். ஆனா அந்த அரை மணி நேரத்தை வெட்டிட்டா படமே நிக்காது. அந்த வீட்டோட ஒவ்வொரு மூலையும் பரிச்சயமான பிறகுதான், கடைசியில தங்கச்சி காணாமப் போறப்போ நமக்குப் பதறும். ஆஸ்பத்திரியில இருக்குற அம்மாவைப் பத்தின பயத்தை அதுவரைக்கும் யாரும் வாய்விட்டுப் பேசுறதில்லை. அது அடியில ஓடிக்கிட்டே இருக்கு.

அதனால நிமிஷத்தைக் குறிங்க, வேண்டாங்கலை. ஆனா “இந்த நிமிஷத்துல இது நடக்கணும்”னு முன்கூட்டியே ஒரு அளவுகோலை வச்சிக்கிட்டு உக்காராதீங்க.

ஒளிக்கீற்று

இரண்டு பேருக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: நீங்கள் பார்த்தது எடுத்தவர்கள் எடுத்த படம்தானா? நிறைய எதிர்மறைக் கருத்துகள் படத்தைப் பற்றியவை அல்ல. டிவி அமைப்பையோ, ஸ்ட்ரீமிங் நிறுவனம் கொடுத்த பதிப்பையோ பற்றியவை. இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டகம். பழைய தொடர்களின் அகல-உயர விகிதம் 4:3. இன்றைய திரை 16:9. பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வரக்கூடாது என்று அகலத்தை முழுசாக வைத்து மேலும் கீழும் வெட்டினால், உயரத்தில் கால் பங்கு போய்விடும். கால் பங்கு என்பது சின்ன விஷயம் இல்லை. 2019 நவம்பரில் டிஸ்னி ப்ளஸ் தொடங்கியபோது ‘தி சிம்ப்சன்ஸ்’ பழைய எபிசோடுகளை இப்படி வெட்டித்தான் கொடுத்தார்கள். மூன்று வகை பீர் என்று பெயர் எழுதிய மூன்று தொட்டிகளுக்கும் மேலே ஒரே குழாய்தான் வருகிறது என்பது ஒரு காட்சியின் நகைச்சுவை. குழாய் வெட்டுப்பட்டுவிட்டது, காட்சியில் சிரிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. எதிர்ப்பு வந்து, 2020 மே மாதம் பழைய 4:3 வடிவத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதி கொடுத்தார்கள். ‘சைன்ஃபெல்ட்’ 2021இல் நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்தபோதும் இதே கதை. சாலைக் குழியை மையமாக வைத்த ஒரு எபிசோடில் குழியே சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. அது ஃபிலிமில் எடுத்த தொடர் என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது, ஆனால் மேலும் கீழும் இழந்தது அதிகம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நேராக நிற்கிறவர்களின் நெற்றி அடிக்கடி வெட்டுப்படுகிறதா, கையில் இருப்பதைப் பற்றிப் பேசும்போது கை தெரியவில்லையா என்று பாருங்கள். இழுத்துவிட்ட படம் என்றால் இன்னும் சுலபம்: சுவர்க்கடிகாரமோ சக்கரமோ வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவமாக இருக்கிறதா? முட்டை என்றால் ரிமோட்டில் ‘பிக்சர் சைஸ்’ போய் ‘ஒரிஜினல்’ அல்லது ‘4:3’ வையுங்கள். ‘ஜூம்’, ‘வைட்’ இரண்டும் வேண்டாம்.

அடுத்தது அசைவு. படங்களும் பெரும்பாலான நாடகத் தொடர்களும் நொடிக்கு 24 சட்டகம், அதாவது 24 தனித்தனி நிலைப்படம். டிவி அதன் நடுவே தானாகவே புதுச் சட்டகங்களை உருவாக்கிச் செருகும்போது எல்லாம் வழவழவென்று ஓடும். போட்ட செட் நிஜ இடமாகத் தெரியாமல் செட்டாகவே தெரியும், நடிப்பு நாடகத்தனமாகப் படும். “ஏதோ மலிவாக எடுத்த மாதிரி இருக்கு” என்று ஒருவர் சொன்னால் முதலில் இதைச் சோதிக்கச் சொல்லுங்கள். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் ப்ளஸ். அணைத்துவிடுங்கள், அல்லது 2019இல் அறிவிக்கப்பட்ட, எடுத்தவர்கள் நினைத்தபடியே படத்தைக் காட்டும் ஃபிலிம்மேக்கர் மோட் உங்கள் டிவியில் இருந்தால் அதைப் போடுங்கள். இங்கே பலர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. இந்த அமைப்பு பல டிவிகளில் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும், ஒவ்வொரு படவகைக்கும் தனி. சாதாரணப் படத்துக்கு ஒன்று, வெளிச்சமும் இருளும் கூடுதலாக வேறுபடும் எச்டிஆர் படத்துக்கு ஒன்று, அதில் ஒரு வகையான டால்பி விஷனுக்கு ஒன்று. ஒரு இடத்தில் அணைத்துவிட்டு எல்லாவற்றிலும் அணைந்ததாக நினைக்காதீர்கள். அந்தந்த வகைப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெனுவைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

மூன்றாவது வேகம். 24 சட்டகப் படத்தை நொடிக்கு 25 என்ற முறையில் ஓட்டினால் 4 சதவீதம் வேகமாக ஓடும். 90 நிமிடப் படம் 86 நிமிடம் 24 நொடியில் முடியும். குரலின் சுருதியும் ஏறும், ஏறத்தாழ 0.7 அரைச்சுரம். இசைக்காது இருப்பவர்களுக்குப் பாட்டில் உடனே தெரிந்துவிடும். நகைச்சுவையில் வசனங்களுக்கு நடுவே விடும் நொடிநேர மௌனங்களும் சுருங்கும். பெட்டியில் போட்டிருக்கும் நேரமும் ஓடும் நேரமும் இந்த விகிதத்தில் வேறுபட்டால் காரணம் இதுதான், காட்சி எதுவும் வெட்டப்படவில்லை. மறுஒளிபரப்பில் கூடுதல் விளம்பரத்துக்காக நிஜமாகவே காட்சிகளை வெட்டுவதும் உண்டு. அப்போது முதலில் பலியாவது பெரும்பாலும் எழுத்தாணி சொன்ன கிளைக்கதையும் வால் காட்சியும்.

எழுத்தாணி

ஒளிக்கீற்று, கடைசி வரி முக்கியம். முட்டாத கிளைக்கதை என்று நான் எழுத்தாளரைக் குறை சொல்வதற்கு முன்னால், முட்டுகிற காட்சி வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்றுக்கொள்கிறேன்.

இதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். விளம்பர இடைவெளிக்காக எழுதிய எபிசோடை விளம்பரம் இல்லாமல் பார்க்கும்போது, ஒரு காட்சி திடீரென்று உச்சத்தில் கறுப்பாகி, அடுத்த நொடியே அதே இடத்தில் அதே செய்தியை ஒரு கதாபாத்திரம் திரும்பச் சொல்லும். “ஒரே வசனத்தை இரண்டு தடவை சொல்றாங்க” என்று குறைப்படுகிறவர்கள் அந்த இடத்தில் மூன்று நிமிட இடைவெளியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். இடைவேளையை மனதில் வைத்து எழுதிய படத்தை வீட்டில் ஒரே மூச்சில் பார்த்தால், நடுவில் ஒரு பெரிய குன்று ஏறி இறங்கியதுபோல இருப்பதும் இதனால்தான். அது எழுத்தின் பிழை இல்லை.

நடுப்பெஞ்சுக்கு: அந்தப் படத்தில் குறிக்கோள் இருக்கிறது. அம்மா வீட்டுக்கு வர வேண்டும். அதைச் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் “முன்கூட்டியே அளவுகோல்” பற்றிச் சொன்னது சரி. விதியைத் திருத்துகிறேன்: முதல் தடவை குறிப்பு எடுக்காமல் பாருங்கள். கவனம் எப்போது சிதறியது என்று மட்டும் நேரத்தைப் பாருங்கள். காரணத்தை இரண்டாம் தடவையில் தேடுங்கள்.

கூர்செவி

படம் பற்றிப் பேசிவிட்டீர்கள், சத்தம் பற்றி யாரும் பேசவில்லை. “வசனம் புரியல, சண்டை மட்டும் காதைக் கிழிக்குது” என்பது குடும்பப் படங்களுக்கு வருகிற முதல் புகார்.

காரணம் இதுதான். திரையரங்கக் கலவையில் கிசுகிசுப்புக்கும் வெடிச்சத்தத்துக்கும் இடையிலான தூரம் மிக அதிகம். தொலைக்காட்சி ஒளிபரப்பில் சராசரி உரப்பைக் கட்டி வைத்திருப்பார்கள். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் அளவு மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு). அதனால் டிவி தொடரைப் பார்த்த கையோடு படத்தைப் போட்டால் வசனம் பள்ளத்தில் விழும்.

செய்ய வேண்டியவை, இந்த வரிசையிலேயே:

ஒலித்தடத்தில் 5.1 (பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்த சரவுண்டு ஒலி) ஓடுகிறதா என்று பாருங்கள். 5.1இல் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் மட்டும் வரும். உங்களிடம் நடு ஸ்பீக்கர் இல்லாமல், பெட்டி மட்டும் “இருக்கிறது” என்று நினைத்துக்கொண்டால் வசனம் காணாமல் போகும். செயலியிலோ டிவியிலோ ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். அப்போது நடுத்தடம் இரண்டு பக்கத்துக்கும் 3 டெசிபல் குறைத்துப் பகிரப்படும், வசனம் திரும்பி வரும்.

‘விர்ச்சுவல் சரவுண்டு’ என்று இருந்தால் அணையுங்கள். அது வசனத்தையும் சேர்த்துப் பரப்பிக் கலக்கிவிடும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் மட்டும் ‘நைட் மோட்’. அது பெரிய சத்தத்தைத் தாழ்த்திச் சின்னதை உயர்த்தும். இசை கொஞ்சம் சப்பையாகும். இரவில் பரவாயில்லை, பாட்டுக்காகவே பார்க்கிற படத்துக்கு வேண்டாம்.

பிறகு உதட்டசைவு. சத்தம் 45 மில்லிநொடி முந்தினாலோ 125 மில்லிநொடி பிந்தினாலோ மனிதருக்குத் தெரியத் தொடங்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. முந்துவதுதான் அதிகம் உறுத்துகிறது என்பதைக் கவனியுங்கள். டிவி படத்தைப் பதப்படுத்த நேரம் எடுப்பதால் தனி ஒலிப்பெட்டியில் சத்தம் முந்தும். புளூடூத் என்றால் சத்தம் பிந்தும். காட்சியில் யாராவது கைதட்டுகிற இடத்தையோ கதவு சாத்துகிற இடத்தையோ திரும்பத் திரும்ப ஓட்டி, ‘ஆடியோ டிலே’யைப் பத்துப் பத்து மில்லிநொடியாக நகர்த்துங்கள். பேசுகிற முகத்தை வைத்துச் சரிசெய்யப் பார்த்தால் சரியாக அமையாது. டப்பிங் படத்தில் அறவே வேண்டாம், உதடு ஏற்கெனவே வேறு மொழியில் இருக்கிறது.

டப்பிங்கை எப்படி மதிப்பிடுவது என்பது தனிப் பேச்சு. நான் இரண்டே இடம்தான் பார்ப்பேன். ஒன்று, வாய் மூடுகிற எழுத்துகள்: ப, ம. அருகாமைக் காட்சியில் நடிகர் உதட்டை மூடும்போது தமிழ் வசனத்திலும் ப்-பும் ம்-மும் அங்கே விழுகிறதா? விழுந்தால் எழுதியவர் உழைத்திருக்கிறார். இரண்டு, பின்னணி. வசனம் வரும்போது மட்டும் காலடிச் சத்தம், பாத்திரச் சத்தம் எல்லாம் மங்கிப்போனால், வசனம் இல்லாத தனி ஒலித்தடம் அவர்களுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை என்று பொருள். குரல் கொடுத்தவர்களை அதற்காகக் குறை சொல்லக்கூடாது.

சாளரம்

ஒரு சந்தேகம். தொடர்களில் “இது ஃபில்லர் எபிசோட், தாண்டிடு” என்று பட்டியல் போடுகிறார்களே, அதை நம்பலாமா? எபிசோடுகளின் வரிசையே சில இடங்களில் ஒன்றுக்கொன்று மாறி இருக்கிறது. எந்த வரிசை சரி?

தறி

வரிசையை முதலில் முடித்துவிடலாம். ஒளிபரப்பான வரிசை, எடுக்கப்பட்ட வரிசை, எழுதியவர் நினைத்த வரிசை என்று மூன்று இருக்கும். பெரும்பாலும் மூன்றும் ஒன்றுதான். மாறினால் ஆபத்து. ‘ஃபயர்ஃப்ளை’ தொடர் 2002 செப்டம்பரில் தொடங்கியது. ஆட்களை அறிமுகப்படுத்தும் இரண்டு மணி நேர முதல் எபிசோடை சேனல் அந்த ஆண்டு டிசம்பரில், கடைசியாகப் போட்டது. எடுத்தது 14, அப்போது ஒளிபரப்பானது 11. அந்த வரிசையில் பார்த்தவர் “யார் இவங்க, ஏன் இப்படிப் பேசிக்கிறாங்க” என்று கேட்டால் அது நியாயமான குறை, ஆனால் தொடரின் குறை இல்லை. பின்னால் வந்த டிவிடியில் வரிசை சரிசெய்யப்பட்டது.

தொடர்கதை என்றால் வரிசையைக் கண்டுபிடிக்க எளிய தடயங்கள்: காயம், கட்டு, தலைமுடி நீளம், ஒருவரை ஒருவர் அழைக்கும் முறை. ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு வந்தவர்கள் அடுத்த எபிசோடில் மறுபடியும் ‘நீங்க’ என்றால் வரிசை தவறியிருக்கலாம். டப்பிங்கில் மட்டும் இந்தத் தடயம் செல்லாது. மொழிபெயர்ப்பவர் மாறினாலும் இது மாறும்.

இப்போது ஃபில்லர். மூன்று வெவ்வேறு விஷயங்களை இந்த ஒரே வார்த்தையால் அழைக்கிறோம்.

பழைய காட்சிகளை வெட்டி ஒட்டி, நடுவில் புதுசாகக் கொஞ்சம் எடுத்துச் சேர்ப்பது ஒன்று. ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ இரண்டாம் பருவத்தின் கடைசி எபிசோட், 1989, இந்த வகை. 1988 எழுத்தாளர் வேலைநிறுத்தம் அந்தப் பருவத்தையே சுருக்கிவிட்டது, கையில் பணமும் இல்லை. அதைத் தாண்டலாம், ஒன்றும் இழப்பில்லை.

ஒரே அறையில் இரண்டு மூன்று பேரை வைத்துச் சிக்கனமாக எடுப்பது இரண்டாவது. ‘பிரேக்கிங் பேட்’ மூன்றாம் பருவத்தின் பத்தாவது எபிசோட், 2010, ஏறத்தாழ முழுக்க ஆய்வகத்துக்குள் ஒரு ஈயைத் துரத்துவது. செலவைக் குறைக்க எழுதியதுதான். “ஒன்றுமே நடக்கவில்லை” என்று பாதிப் பேர் இன்றும் திட்டுகிறார்கள். என் கருத்தில் அதைத் தாண்டக்கூடாது. ஏணியின்மேல் ஒருவர் நிற்க, கீழே இன்னொருவர் தூக்கக் கலக்கத்தில் ஒரு ரகசியத்தின் ஓரம்வரை போய்த் திரும்புகிற காட்சி ஒன்று இருக்கிறது. அந்தப் பருவத்திலேயே மூச்சு நின்ற இடம் அது. நிகழ்ச்சி எதுவும் நடக்காமல் உறவு மட்டும் நகர்வதும் கதைதான்.

மூன்றாவது, மூலக்கதை இன்னும் எழுதப்படாததால் அனிமே தொடர்களில் நடுவே செருகும் கதை. அதைப் பட்டியல் பார்த்துத் தாண்டலாம். ஆனால் ஒரு சோதனை: அந்த எபிசோடுக்கு அடுத்ததில், தொடக்கத்தில் வரும் முன்கதைச் சுருக்கத்தைப் பாருங்கள். தாண்டிய எபிசோடிலிருந்து ஒரு காட்சியாவது அதில் வந்தால் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

நடுப்பெஞ்சு

ஏணிக் காட்சி பத்தி தறி சொன்னது நூத்துக்கு நூறு சரி.

நான் குடும்பப் படத்துக்கே திரும்பி வரேன். எழுத்தாணி, உங்களுக்கு ஒரு கேள்வி. டிஸ்னியோட கார்ட்டூன் படம் ‘பாம்பி’, 1942, 70 நிமிஷம். தாய் மான் சாகுறதைக் காட்டவே மாட்டாங்க. பனியில ஓடுது, துப்பாக்கிச் சத்தம் கேக்குது, குட்டி தனியா கூப்பிட்டுக்கிட்டே அலையுது. அப்பா வந்து ஒரே வாக்கியம் சொல்லுது. இருட்டு. அடுத்த காட்சி வசந்தகாலம், பறவைங்க பாட்டு! துக்கத்துக்கு ஒரு நிமிஷம்கூட விடலை. இது குறையா, நிறையா? என் கட்சி, குறை. அழுதுக்கிட்டிருக்குற குழந்தையோட கன்னம் காயறதுக்குள்ள பாட்டைப் போடுறது அதோட உணர்ச்சியை மதிக்காத வேலை.

எழுத்தாணி

நிறை என்பது என் கட்சி. காரணம், அந்த இருட்டுக்கும் வசந்தத்துக்கும் நடுவே கதையில் மாதங்கள் ஓடிவிட்டன. சின்னக் குட்டியாகப் போனவன் வளர்ந்து வருகிறான். துக்கத்தை ஆற்றிவிட்டதாகப் படம் எந்த இடத்திலும் சொல்லவில்லை. காலம் போனது என்று மட்டும் சொல்கிறது. வசந்தப் பாட்டுக்குப் பதிலாக ஐந்து நிமிடம் அழுகையை நீட்டியிருந்தால், சின்னக் குழந்தைகள் மீதிப் படத்துக்குள் வரவே மாட்டார்கள். பெரியவர்களுக்குத்தான் அந்த வெட்டு கூர்மையாகக் குத்தும். ஒரே வெட்டு இரண்டு வயதினருக்கு இரண்டு வேலை செய்கிறது. பெரியவர்களுக்கென்று தலைக்கு மேலே போகும் இரட்டை அர்த்த நகைச்சுவையைச் சேர்த்துவிட்டு “எல்லோருக்குமான படம்” என்கிறார்களே, அதை நான் குடும்பப் படமாகவே கணக்கில் எடுப்பதில்லை. அங்கே ஒரே திரையில் இரண்டு படம் ஓடுகிறது.

வானம்பாடி

குழந்தைகளோடு பார்ப்பதைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தரச்சான்று படத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும், எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதைச் சொல்லாது. அமெரிக்காவில் பிஜி-13 (13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்குக் கூடுதல் எச்சரிக்கை) என்ற வகை 1984இல் வந்ததே, பிஜி (பெற்றோர் வழிகாட்டுதல் தேவை) சான்றோடு வந்த ‘கிரெம்லின்ஸ்’ போன்ற படங்களைக் குழந்தைகளோடு பார்த்தவர்கள் கொதித்ததால்தான். சான்றை நுழைவாயிலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுப் படத்தையும் முன்கூட்டிப் பார்க்க நேரமில்லை என்றால் இரண்டு இடம் போதும். முதல் பத்து நிமிடம்: பெற்றோர் இறப்பு, பிரிவு பெரும்பாலும் இங்கேதான் வரும். அப்புறம் படத்தின் முக்கால் பாகத்தில், அதாவது 90 நிமிடப் படத்தில் 65லிருந்து 75 வரை: எல்லாம் கைவிட்டுப் போகிற இருண்ட காட்சி அங்கே இருக்கும். அந்தப் பகுதியைச் சத்தத்தோடு பாருங்கள். குழந்தையைப் பயமுறுத்துவதில் பாதி வேலையைச் செய்வது சத்தம். பார்க்கும்போது பயந்தால் நிறுத்தி அணைக்காமல், சத்தத்தைப் பாதியாக்கி விளக்கைப் போடுங்கள். காட்சி முடிவுவரை போனால் பயத்துக்கு ஒரு விடை கிடைக்கும். நடுவில் அணைத்தால் பயம் மட்டும் மிஞ்சும்.

கண்சிமிட்டும் ஒளி விளையாட்டல்ல. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ‘போகிமான்’ எபிசோட் ஒன்றில் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை மாறி மாறி மின்னியது. அறுநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அந்த எபிசோட் மறுபடி ஒளிபரப்பாகவில்லை. அதன்பின் வந்த நெறிமுறைகளில் பொதுவான வரம்பு நொடிக்கு மூன்று மின்னல். அடர்சிவப்புக்கு இன்னும் கவனம். பழைய தொடர்களைத் தேடிப் பார்க்கிறவர்கள் இருட்டறையில், திரைக்கு மிக அருகில் குழந்தையை உட்காரவைக்காதீர்கள். மின்னல் தொடங்கினால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்க மூடச் சொல்லுங்கள். இரண்டு கண்ணையும் இறுக்கி மூடினால் மட்டும் போதாது, இமை வழியாகவும் ஒளி போகும்.

சாளரம்

இவ்வளவையும் பார்த்த பிறகு கருத்தை எழுதும்போது என்னென்ன குறிப்பிட வேண்டும்? பத்துக்கு இத்தனை என்று போடுவதில் அர்த்தம் உண்டா?

தறி

எபிசோடுக்கு மதிப்பெண் போட்டால் அதே தொடரின் மற்ற எபிசோடுகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். முதல் எபிசோடுக்கு மதிப்பெண் வேண்டாம். அதைப் பல தொடர்களில் மாதங்களுக்கு முன்பே எடுத்திருப்பார்கள், செட்டும் ஆட்களும்கூட மாறியிருக்கும். மூன்றாவதை முடித்த பிறகு ஆரம்பியுங்கள். எங்கே பார்த்தீர்கள், எந்த மொழித்தடம், ஓடிய நேரம் எவ்வளவு, இந்த மூன்றையும் முதல் வரியில் போடுங்கள். ஓடிய நேரம் தெரிந்தாலே நாம் இரண்டு பேரும் பார்த்தது ஒரே பதிப்பா என்று தெரிந்துவிடும்.

ஒளிக்கீற்று

கூடவே ‘அடுத்த எபிசோட் தானாக ஓடு’ என்பதை அமைப்பில் அணைத்து வையுங்கள். பெயர்ப்பட்டியலின்போது வரும் வால் காட்சியை அது விழுங்கிவிடும். “முடிவு புரியல” என்கிற கேள்விகளில் சிலவற்றுக்கு விடை அந்த அரை நிமிடத்தில்தான் இருக்கிறது.

நடுப்பெஞ்சு

எழுத்தாணி, ‘பாம்பி’யை உங்க விதிப்படியே மறுபடி ஓட்டிப் பாத்துட்டேன். அந்தக் காட்சியில துப்பாக்கிச் சத்தத்துக்கு அப்புறம் இசை முழுசா நின்னுபோகுது. வெறும் பனி, குட்டியோட குரல். அந்த நீளமான மௌனத்தையும் துக்கத்துக்கு விட்ட நேரமாத்தான் கணக்குல எடுக்கணும். நான் அதை விட்டுட்டுப் பாட்டுல இருந்து எண்ண ஆரம்பிச்சிருந்தேன். “ஒரு நிமிஷம்கூட விடலை”ங்கிற வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கறேன். பாட்டு அங்க தேவையாங்கிற கேள்வியை வாங்கிக்கலை. இருட்டு முடிஞ்சதும் பறவைப் பாட்டுக்குப் பதிலா, வசந்தத்தைச் சத்தமில்லாம பத்து நொடி காட்டிட்டு அப்புறம் பாட்டை ஏத்தியிருந்தா, நீங்க சொன்ன அந்த மாதக்கணக்கும் இன்னும் தெளிவா விழுந்திருக்கும்.